தூவல் வீடுகள்

சித்திரை வெயிலில் தார் ரோடு இளகிக் கிடந்த ஒரு முற்பகலில், தரங்கம்பாடி ராஜ வீதி வழியாகத் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போன நர்சம்மா சுகிர்தம், நிறுத்தி வைத்திருந்த ஓர் ஆட்டோவின் கூரைமேல் வெள்ளாடு ஒன்று ஏறி நிற்பதைப் பார்த்து, இது எப்படி ஏறியது, இனி எப்படி இறங்கும் என்று வேடிக்கை பார்த்தபடி நின்றபோது, அவள் தலைமேல் பனி பெய்யத் தொடங்கியது. மார்கழி விடிகாலையில் புல்நுனியில் கிடக்கிற பனி இல்லை, காஷ்மீரில் கொட்டுவதாக சினிமாவில் காட்டுகிற பனி. பருக்கை பருக்கையாக, சில சமயம் நகக்கண் அகலத்துக்கு, எந்த அவசரமும் இல்லாமல் இறங்கி வந்து அவள் வகிட்டிலும் வெள்ளைப் புடவைத் தோளிலும் உட்கார்ந்தது. கையெட்டும் தூரத்தில் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. ஆடு தானாகவே குதித்து இறங்கிப் போயிற்று. சுகிர்தம் முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த தெருவில் ஊசிக்குக் காத்திருக்கும் குழந்தைகளைப் பார்க்க நடந்தாள்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஏன் பெய்தது என்று கேட்டவர்கள் குறைவு. சளி பிடிக்கவில்லையா, துணி காய்ந்ததா, நாளைக்கும் பெய்யுமா என்று கேட்டவர்கள்தான் அதிகம். மறுநாளும் பெய்தது. கோயிலை ஒட்டிய கடற்கரையில் கரை ஒதுங்கிய பெரிய ஜெல்லி மீனை அவள் குனிந்து பார்த்தபோதும், தந்திக்கம்பத்தில் ஒரு காக்கை கரண்டியோடு உட்கார்ந்திருந்ததை அண்ணாந்து பார்த்தபோதும் பெய்தது. "நர்சம்மாவுக்குத் தூவுது" என்று யாரோ சொன்னார்கள், அந்தப் பேச்சே நிலைத்து, ஊரில் அதற்குத் தூவல் என்று பெயராகிவிட்டது.

அவளைவிட அதிகம் சந்தோஷப்பட்டவர் அவள் அண்ணன் தனராஜ். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவள் காரைக்காலில் வாழப்போய்ப் புருஷன் இறந்ததும் திரும்பி வந்தவள். அவர்கள் வீட்டுக்குக் கப்பித்தான் வீடு என்று பெயர். டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி ஆண்ட காலத்தில் ஒரு கப்பல் தலைவன் அங்கே குடியிருந்ததாகச் சொல்வார்கள். தனராஜ் முன்பக்கத்து இரண்டு அறைகளைச் சுற்றுலாக்காரர்கள் தங்குவதற்கு விட்டு, வருகிறவர்களையெல்லாம் கூடத்தில் உட்கார வைத்து, அந்தக் கப்பித்தான் இந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டதையும், அவர் வாளேந்தி நின்ற நிலையையும், கடைசியாகக் கப்பலேறும்போது திரும்பிப் பார்த்து அழுததையும் கூடவே இருந்து பார்த்தவர் மாதிரி சொல்வார். சாட்சிக்குத் தங்கையைக் கூப்பிடுவார். சுகிர்தத்துக்குப் பூனைக் கண். தனராஜ் நல்ல கறுப்பு, நெடுநெடுவென்ற உயரம். அந்த உயரம் கப்பித்தானுடையது என்பார்.

"பாப்பா, டென்மார்க்குல வருஷத்துல பாதி இதானாம். ரத்தம் பேசுது பாத்தியா" என்றார், அவள் தலையிலிருந்து ஒரு துளியை விரலால் எடுத்துப் பார்த்தபடி.

"உனக்கு எப்ப பேசும் அண்ணே?"

"வரும் வரும். மூத்தவனுக்குக் கடைசியாத்தான் வரும்" என்றார்.

ஆனால் அடுத்ததாக வந்தது மீன்காரி செங்கமலத்துக்கு. மார்க்கெட்டில் வாளைமீனின் வாயைப் பிளந்து, உள்ளே விழுங்கிக் கிடந்த இன்னொரு மீன் என்ன மீன் என்று அவள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது தூவியது. தலையிலும் கூடையிலும் சேர்ந்தே தூவியதால் ஐஸ் வாங்குகிற செலவு அவளுக்கு மிச்சம், மீன் வாடாமல் பளபளவென்று கிடந்தது, மற்ற மீன்காரிகள் இது நியாயமில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் அவள் வரிசையின் கோடியில் உட்கார வேண்டும், பக்கத்துக் கூடைக்கும் கொஞ்சம் தள்ளிவிட வேண்டும் என்று பேசி முடித்தார்கள். அதற்குப் பின் காலனியில் சுப்பிரமணியனுக்கு வந்தது. அவர் பேரூராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர், தொட்டிமேல் நின்று கடலில் போகும் கப்பலைப் பார்த்தபோது தூவியது. பள்ளிவாசல் தெருவில் ஹபீபாவுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் வந்தது. பள்ளிக்கூடத்தில் தூவல் பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வைத்து, நோட்டு நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போடச் சொன்னார்கள். மயிலாடுதுறை பஸ்ஸில் கண்டக்டர் தூவல்காரர்கள் ஏறினால், "குடை இருக்கா, இல்லேன்னா பின் சீட்டு" என்று சொல்லப் பழகிக்கொண்டார். ஹார்டுவேர் கடை வைத்தியலிங்கம் ஒரு நாள் திடீரென்று குல்லா போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். தோளில் வெள்ளையாக இருக்கிறதே என்று கேட்டவர்களிடம் பொடுகு என்றார். அதற்குப் பின் அவர் எதையும் உற்றுப் பார்ப்பதில்லை. தராசு முள்ளையும் ஆணிப் பெட்டியையும் தவிர வேறெதையும் பார்க்காமல் கடைக்கு வந்து கடையிலிருந்து போனார், ஏனென்றால் மனம் எதிலாவது லயித்து நிற்கிற நேரத்தில்தான் தூவல் வருகிறது என்பதை அதற்குள் எல்லாரும் கவனித்திருந்தார்கள்.

இது வியாதியில்லை, வம்சம் என்று ஊருக்குப் புரிய அதிக நாள் ஆகவில்லை. தாய்க்குத் தூவினால் பிள்ளைக்கும் தூவியது. கட்டி வந்தவர்களுக்குத் தூவவில்லை. அப்படியானால் சர்ச் தெருவும் மீனவர் தெருவும் காலனியும் பள்ளிவாசல் தெருவும் ஹார்டுவேர் கடையும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று ஆயிற்று. டீக்கடையில் இதைப் பேசும்போது முதலில் எல்லாரும் சிரித்தார்கள். கப்பித்தான் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது என்றார்கள். பிறகு அவரவர் வீட்டுக்குப் போய் யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. வைத்தியலிங்கம் வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலனியில் சில பேர், இத்தனை காலம் தெருவுக்குள் விடாதவர்கள் இப்போது சொந்தம் கொண்டாட வருவார்களோ, அல்லது சொந்தம் என்று தெரிந்தும் வராமல் இருப்பார்களோ, இரண்டில் எது மோசம் என்று பேசிக்கொண்டார்கள்.

தனராஜுக்கு மட்டும் தூவவில்லை. காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், ஆட்டோமேல் ஏறுகிற ஆட்டைக்கூடத் தேடிப் போய்ப் பார்த்தார். வியர்வைதான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வரும் நேரத்தில் அவர் தலையிலும் சட்டைக் காலரிலும் வெள்ளையாகக் கிடந்தது. எல்லாரும் நின்று பார்த்தார்கள். கடற்காற்று அடித்தது. வெள்ளை உருண்டைகள் உருகாமல் தரையில் விழுந்து ராஜ வீதி நெடுக உருண்டு ஓடின. டி.வி. பெட்டிக்குள் வைத்து வருகிற தெர்மோகோல். அந்த வழியாகக் கூடையோடு வந்த செங்கமலம் அவர் காலரில் ஒட்டியிருந்த ஓர் உருண்டையை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு, "காத்து சாஸ்தி தம்பி, வீட்டுக்குப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

சுகிர்தத்துக்கு அன்று மனசு கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அவளால் யோசிப்பதை நிறுத்த முடியவில்லை. ஒரு விஷயம் என்னவென்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. சின்ன வயதிலேயே கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு அடி வாங்கியவள். அவள் வீடு வீடாகப் போய் ஊசி போடுகிறவள் என்பதால் எந்த வீட்டிலும் உள்ளே வரை போக முடியும், எதையும் கேட்க முடியும். உங்கள் பாட்டிக்குப் பாட்டி யார், எங்கிருந்து வந்தாள் என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. கொள்ளுத்தாத்தா பெயருக்கு மேல் எந்த வீட்டிலும் படி ஏறவில்லை. சுனாமியில் போனது பாதி, மறந்து போனது பாதி.

அவள் தேடியது ஹபீபா வீட்டில், தேடாத நேரத்தில் கிடைத்தது. ஹபீபாவின் மகளுக்குப் பிறந்த குழந்தைக்கு ஊசி போட்டதும் அது வீரிட்டு அழுதது. ஹபீபா குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, சுகிர்தத்தின் பெட்டியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து, உயரத்திலிருந்து குழந்தையின் முகத்துக்கு நேராக விட்டுக்கொண்டே முணுமுணுத்தாள்.

"வருது பாரு வருது பாரு, சத்தமில்லாம வருது பாரு. கையில புடிச்சா தண்ணியாச்சு, வாயில புடிச்சா ஒண்ணுமில்லே."

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, இறங்கி வரும் பஞ்சை ஒன்றரைக் கண்ணால் பார்த்தது. ஹபீபாவுக்கும் குழந்தைக்கும் சேர்த்துத் தூவியது.

இதில் சுகிர்தத்துக்குப் புதிதாக எதுவும் இல்லை. இத்தனை வருஷ வேலையில் எத்தனையோ தாய்மார்கள் இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறாள், அவளுடைய அம்மாவே அவளுக்குச் செய்திருக்கிறாள். எல்லாத் தாய்மார்களும் செய்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அன்றைக்குத்தான், எல்லாரும் செய்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கத் தோன்றியது.

எல்லாரும் செய்யவில்லை. பொறையாரில் யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. தரங்கம்பாடியிலும் பத்து வீட்டுக்கு ஒன்பது வீட்டில் கிலுகிலுப்பை ஆட்டினார்கள், காக்காய் காட்டினார்கள். தூவல் விழுந்த வீடுகளில் மட்டும்தான் இது இருந்தது. செங்கமலம் வீட்டில் பஞ்சுக்குப் பதில் பொரி. சுப்பிரமணியன் வீட்டில் உப்பு, கண்ணில் படாமல் நெற்றிக்கு மேலே. வைத்தியலிங்கத்தின் மனைவி முதலில் தெரியாது என்று சொல்லிவிட்டு, நர்சம்மா வாசல் வரை போனபின் கூப்பிட்டு, எங்கள் மாமியார் தேங்காய்த் துருவல் போடுவார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். போடுகிற பொருள்தான் வேறு வேறு. சொல்கிற சொல் எல்லா வீட்டிலும் ஒன்று.

இதை அவள் தனராஜிடம் சொன்னாள். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"கப்பித்தான் சொல்லிக் குடுத்திருப்பாரு" என்றார் திரும்பாமல்.

"கப்பலோட்ட வந்த மனுஷன் புள்ளைக்கு மடியில வெச்சுப் பொரி தூவுவாரா அண்ணே?"

அவர் காலரையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆனி மாதத்தில் கிர்ஸ்டன் என்ற அம்மாள் டென்மார்க்கிலிருந்து வந்து கப்பித்தான் வீட்டில் தங்கினாள். அறுபது வயதிருக்கும். தன் முன்னோர்களில் ஒருவர் இங்கே கப்பல் தலைவனாக இருந்தார், இதே வீட்டில்தான் குடியிருந்தார், அதைப் பார்க்க வந்தேன் என்றாள். செய்தி கேட்டு ஊரே வாசலில் கூடிவிட்டது, ஏனென்றால் கப்பித்தானின் சொந்தப் பேத்திக்கே தூவாமல் யாருக்குத் தூவும். அவளைக் கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள், கடலைக் காட்டினார்கள், ஆட்டோமேல் ஏறும் ஆட்டையும் காட்டினார்கள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்த்தாள். வெயிலில் முகம் சிவந்ததே தவிர ஒரு பருக்கைகூட விழவில்லை. அவள் பக்கத்தில் நின்ற செங்கமலத்துக்கு, வெள்ளைக்காரி முகம் இவ்வளவு சிவக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்ததில், பொலபொலவென்று தூவியது.

அதைக் கண்டு கிர்ஸ்டன் திகைக்கவில்லை, ஊர் நினைவு வந்தவளாகச் சிரித்தாள். இது வருஷத்தின் முதல் பனி, பெரிய பெரிய துண்டாக, ஈரமாக, தரையில் தங்காமல் விழும், எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள் இதற்குத்தான் வெளியே ஓடுவார்கள் என்றாள். சுகிர்தத்துக்கு ஆஸ்பத்திரி இங்கிலீஷ் போதுமான அளவு வரும். வீடுகளில் சொல்கிற அந்தச் சொல்லை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்.

கிர்ஸ்டன் சொன்னாள்: "சத்தமில்லை என்பது சரிதான். ஆனால் எங்கள் ஊரில் பிறந்த யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். எங்களுக்கு அது பழக்கம். மழை என்றால் சத்தம் போடும் என்று நினைத்திருக்கிற ஒருத்தர்தான் அதைச் சொல்ல முடியும்."

பிறகு, அந்தக் காலத்தில் இங்கிருந்து ஊர் திரும்பிய எங்கள் குடும்பங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இங்கத்துப் பெண்களையும் கப்பலில் கூட்டிப்போனதுண்டு, சிலர் திரும்பி வந்தார்கள், பலர் வரவில்லை, அவர்களைப் பற்றி எங்கள் வீடுகளில் யாரும் பேசுவதில்லை என்றாள்.

அதுவரை சுகிர்தம் தேடியது ஒரு வெள்ளைக்காரனை. இப்போது அவள் கண்ணுக்கு ஒரு பெண் தெரிந்தாள். இதே மணலில் நடந்த கால், இதே கடலின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்த காது, யார் வீட்டுக் குழந்தையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு, யார் ஊரிலோ ஒரு முற்றத்தில் நின்று, வானத்திலிருந்து சத்தமே இல்லாமல் இறங்கி வரும் ஒன்றை அண்ணாந்து பார்க்கிறாள். திரும்பி வந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கு அதைக் காட்ட ஆசைப்படுகிறாள். காட்ட எதுவும் இல்லை. கையில் கிடைத்த பஞ்சைப் பிய்க்கிறாள்.

அன்று மதியச் சாப்பாட்டின்போது சுகிர்தம் இதைச் சொன்னாள். தனராஜ் கிர்ஸ்டனுக்கு இறால் பரிமாறிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் அவர் கரண்டியை வைத்துவிட்டு, நல்ல யோசனை ஒன்று அகப்பட்டவர் போல நிமிர்ந்தார்.

"அப்ப கணக்கு சரியாப் போச்சு பாப்பா. தூவறவங்க எல்லாம் அந்த ஆயாவோட வம்சம். இவங்களுக்குத் தூவலை, ஏன்னா இவங்க கப்பித்தான் வம்சம். எனக்கும் தூவலை. அதனால நானும் கப்பித்தான் வம்சம்."

"சரி அண்ணே" என்றாள் சுகிர்தம். "உனக்கும் எனக்கும் ஒரே அப்பா அம்மாதானே. எனக்கு ஏன் தூவுது?"

கேட்ட பிறகுதான், கேட்டது என்னவென்று அவளுக்கே உறைத்தது. தனராஜ் இறால் பாத்திரத்தை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கை கழுவப் போகிறவர் மாதிரி கொல்லைப்பக்கம் போனவர் வெகுநேரம் வரவில்லை. பாஷை தெரியாத கிர்ஸ்டன்கூடச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

கிர்ஸ்டன் ஊருக்குப் போன அன்று, அவளை பஸ் ஏற்றிவிட்டு அண்ணனும் தங்கையும் கடற்கரையோரமாகத் திரும்பி நடந்தார்கள். கோட்டைச் சுவர் நிழலில் தனராஜ் உட்கார்ந்தார். அவளையும் உட்காரச் சொன்னார்.

"அம்மா எங்கிட்ட சொன்னாங்க. நான் பத்தாவது படிக்கறப்ப. கொல்லையில உக்காந்து கெளங்கா மீன் ஆய்ஞ்சிக்கிட்டே சொன்னாங்க. கல்யாணமாகி ரொம்ப நாள் புள்ளை இல்லையாம். மிஷன் விடுதியில யாரோ விட்டுட்டுப் போன புள்ளைய எடுத்துட்டு வந்தாங்களாம். அதுக்கப்புறந்தான் நீ பொறந்தே. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

சுகிர்தம் அவருடைய நீளமான கறுத்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த கை, காரைக்காலில் அவள் புருஷன் இறந்த அன்று, முதல் பஸ்ஸிலேயே வந்து அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்ட கை.

"கப்பித்தான் கதையெல்லாம் நம்ம அப்பா சொல்லி நீ கேட்டிருக்கியா?" என்றார் அவர்.

அவள் யோசித்தாள். கேட்டதில்லை. எல்லாம் அண்ணன் சொல்லித்தான்.

"வீட்டுக்குப் பேரு மட்டுந்தான் இருந்துச்சு. மீதியெல்லாம் நான் பண்ணினது. அப்பாவோட ஆளுங்களைச் சொந்தம்னு சொல்ல வாய் வரலை. எனக்குன்னு மேல ஒரு ஆள் வேணும்ல பாப்பா. இந்த ஊர்ல யாரை எடுத்தாலும் அவங்களுக்கு வாரிசு இருக்கு, எங்க ஆளுன்னு வந்து நிப்பாங்க. கப்பித்தானைக் கேக்க யாரும் இல்லை. எடுத்துக்கிட்டேன்." பிறகு, "இப்ப அதுக்கும் ஆள் வந்துட்டுப் போயாச்சு" என்றார்.

"என்னை எதுக்கு அண்ணே பூனைக்கண்ணின்னு எல்லார் முன்னாலயும் நிறுத்தினே?"

"நீ அவரோட பேத்தின்னா நான் உன் அண்ணன்தானே. அதான்."

அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அன்றைக்கு அவளுக்கும் தூவவில்லை. வேடிக்கை பார்க்கிற மனசு இல்லை.

அந்தப் பெண்ணைப் பற்றிய செய்தி அதற்குள் தெருத்தெருவாகப் பரவிவிட்டது. கப்பித்தான் என்று நினைத்தபோது தலை குனிந்தவர்கள், கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்த ஒருத்தி என்றதும் நிமிர்ந்தார்கள். அவளுக்கு எத்தனை பெண்கள் இருந்திருப்பார்கள், யார் யாரைக் கட்டிக்கொண்டு எந்தெந்தத் தெருவுக்குப் போயிருப்பார்கள் என்று டீக்கடையில் பேசினார்கள். பட்டினிக் காலத்தில் ஒருத்தி மதம் மாறியிருப்பாள், ஒருத்தி யாருடனோ ஓடியிருப்பாள், ஒருத்தியைத் தெருவை விட்டு விலக்கியிருப்பார்கள். இருநூறு வருஷத்தில் ஒரு குடும்பத்துக்கு என்னதான் நடக்காது. அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று செங்கமலம்தான் முதலில் சொன்னாள். அவள் படையல் போடலாம் என்றாள். சர்ச் தெருவில் ஞாபகார்த்த ஜெபம் வைக்கலாம் என்றார்கள். ஹபீபா பாத்திஹா ஓதலாம் என்றாள். எதைச் செய்வதானாலும் ஒரு பெயர் வேண்டியிருந்தது.

ஒரு சாயங்காலம் கோட்டைக்கு முன்னால் மணலில் தூவல் வீடுகள் எல்லாம் கூடின. படகு விளிம்புகளில் பெண்கள் உட்கார்ந்தார்கள். வைத்தியலிங்கம் குல்லாவோடு வந்து கடைசியில் நின்றார். முதலில் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள், அப்படிப் பார்த்ததிலேயே எல்லாருக்கும் தூவியது, பிறகு சண்டை தொடங்கியது. மாரியாயி என்றார்கள், மரியாள் என்றார்கள், மரியம் என்றார்கள். எங்கள் வீட்டில்தான் பஞ்சு, அதனால் நாங்கள்தான் மூத்த கிளை என்றார்கள். உப்பு போட்டவர்கள் என்ன இளைத்தவர்களா என்று சுப்பிரமணியன் கேட்டார். இருட்டுவதற்குள் அடிதடி ஆகிவிடும் போலிருந்தது.

"பங்கு இல்லாத ஆள் ஒருத்தர் சொல்லட்டும்" என்றாள் செங்கமலம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கையோடு துணைக்கு வந்து, தள்ளி ஒரு படகில் சாய்ந்து நின்ற தனராஜின் தலை மட்டும்தான் அங்கே காய்ந்திருந்தது.

அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். விடவில்லை. நடுவே வந்து நின்றார்.

"அவங்க எந்த வீட்டுப் பொண்ணுன்னு நமக்குத் தெரியாது. எந்தச் சாமி கும்பிட்டாங்கன்னும் தெரியாது. ஆனா எந்த வீடா இருந்தாலும் பெத்தவ இடுப்புல வெச்சுக்கிட்டு என்னன்னு கூப்பிட்டிருப்பா? கண்ணுன்னுதான் கூப்பிட்டிருப்பா. கண்ணுன்னே வெச்சுக்கலாம்."

ஹபீபா அந்தப் பெயரை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். செங்கமலம் படகிலிருந்து இறங்கி வந்தாள்.

"பேரு வெச்சாச்சு. அப்ப நீங்க அதுக்குத் தாய்மாமன். தாய்மாமன் சீர் எப்ப வரும் தம்பி?"

எல்லாரும் சிரித்தார்கள். தனராஜும் சிரிக்கப் பார்த்தார், வாய் கோணிக்கொண்டது. இருநூறு வருஷத்துக்கு மூத்த ஒருத்திக்குத் தாய்மாமனாகி அவர் அன்று வீட்டுக்குப் போனார்.

நாள் குறித்தார்கள். ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம், அதே மணலில், அவரவர் முறைப்படி அவரவர் செய்வது என்று முடிவாயிற்று. படையல் போட்டார்கள், ஜெபம் செய்தார்கள், ஓதினார்கள். மூன்றிலும் கண்ணு கண்ணு என்ற பெயர் வந்தது. வைத்தியலிங்கம் குல்லாவைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடலையும் கூட்டத்தையும் ஆசை தீரப் பார்த்தார், அவர் தோள் இரண்டும் வெளுத்துவிட்டன. எல்லாம் முடியும் நேரத்தில் தனராஜ் ஒரு தாம்பாளத்தோடு வந்தார். பழம், பூ, மஞ்சள், அதன் நடுவில் சிவப்புக் கரை போட்ட ஒரு கறுப்புக் கம்பளி. ஆடி மாதத்தில் கம்பளி கேட்டு மயிலாடுதுறையில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார்.

"புடவை இல்லையா?" என்றாள் சுகிர்தம்.

"அங்க அவளுக்கு என்ன குளிர் குளிர்ந்திருக்கும் பாப்பா" என்றார். "இங்கேருந்து ஒத்தைச் சீலையோடதானே கூட்டிட்டுப் போயிருப்பாங்க. போத்திக்க யாரு என்ன குடுத்திருப்பாங்க?"

இத்தனை நாளாகக் கண்ணு எதைப் பார்த்தாள், எங்கே பார்த்தாள், யாரைப் பெற்றாள் என்று துருவித் துருவிக் கேட்டவர்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. செங்கமலம் முந்தானையை இழுத்துத் தன் தோளை மூடிக்கொண்டாள்.

தனராஜ் கம்பளியை உதறி விரித்துவிட்டு, இரண்டு கையிலும் பிடித்தபடி, யாருக்குப் போர்த்துவது என்று தெரியாமல் நின்றார். சுகிர்தம் எழுந்து போய் அவருக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். அவர் அதை அவள் தோளைச் சுற்றிப் போர்த்தி, கழுத்தருகில் இழுத்துச் சரிசெய்தார். அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள், தெரிந்த முகத்தையே இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவள் போலப் பார்த்தாள், தூவல் வந்தது. கறுப்புக் கம்பளிமேல் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாகத் தெரிந்தது. தனராஜ் அவள் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் விரல்களிலும் புறங்கையிலும் அது விழுந்து, கொஞ்சம் நின்று, உருகியது.

"சில்லுன்னு இருக்கு" என்றார் அவர்.